மெட்ராஸ் ஐக்கு யாராவது மெட்ராஸ் போவார்களா?

எங்கள் கம்பெனியில் என் வேலை பழுது பார்ப்பது இல்லை, பழுதைப் பார்ப்பது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார் இன்ஜினுக்கான ரப்பர் வளையங்கள் செய்கிற கம்பெனி அது. என் மேஜையில் ஒரு வெள்ளை விளக்கு, அதன் கீழே பூதக்கண்ணாடி, இரண்டு பக்கமும் இரண்டு டப்பா. பச்சை டப்பா நல்லதுக்கு, சிவப்பு டப்பா கழிசலுக்கு. வளையத்தை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஓரத்தில் முடியளவு கீறல் இருந்தாலும் சிவப்பில் போட்டுவிட வேண்டும். நாளைக்கு எங்கேயோ ஒரு காரில் எண்ணெய் ஒழுகினால், வளையத்தைச் செய்தவனைக் கேட்க மாட்டார்கள். பார்த்து அனுப்பியவளைத்தான் கேட்பார்கள்.

என்னைத் தாண்டி ஒரு கீறல் போனதில்லை என்று எங்கள் சூப்பர்வைசர் மீட்டிங்கில் சொல்லுவார். அந்தக் கர்வம் எனக்கு இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நான் பொய் சொன்ன இடம் வேறு.

கல்யாணமான இரண்டாவது வருடம் வலது கண் சிவந்தது. வெளிச்சம் பட்டால் புருவத்துக்குப் பின்னாலிருந்து யாரோ கட்டை விரலால் அமுக்குவதுபோல வலித்தது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டேன். பார்வையில் கொசு பறப்பதுபோலக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. மேஜை விளக்கின் கீழே வளையத்தைப் பிடித்தால், கீறல் வளையத்தில் இருக்கிறதா என் கண்ணில் இருக்கிறதா என்று தெரியவில்லை. அம்மா வீடு திருவள்ளூர். அங்கே போயிருந்தபோது அம்மா ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் மெஷினில் பார்த்துவிட்டு, "இது வெளியில இல்லம்மா, கண்ணுக்கு உள்ள வந்திருக்கிற அழற்சி" என்று சென்னைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. நாங்கள் பார்த்தது ஒரு டாக்டரம்மாவை. பொறுமையாகப் பேசுகிறவர். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே வழிதவறிக் கண்ணை எதிரி என்று நினைத்து அடிக்கிறது, அந்தக் கையைக் கட்டிப்போட மாத்திரை தர வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நம்ம கேட்டு செக்யூரிட்டியே நம்மள திருடன்னு நெனச்சு அடிக்கிறான், அதானே மேடம்?" என்று கேட்டார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான்" என்றார்.

வீட்டுக்காரரும் நானும் ஒரே தொழிற்பேட்டை. அவர் இரும்புக் கம்பி உருட்டுகிற கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறார். கம்பெனி பஸ்ஸில் பழக்கம். அவர் வீட்டில் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, அப்புறம் ஒத்துக்கொண்டார்கள். அதனால் நாலு பேர் முன்னால் 'வாங்க, போங்க', கதவைச் சாத்திவிட்டால் 'நீ, வா, போ' என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு.

முதலில் கொடுத்த மாத்திரையில் என் முகம் பூரி மாதிரி உப்பிப்போயிற்று. கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும்போது, "இன்னாமே, விசேஷமா?" என்று கேட்டவர்கள் உண்டு. அந்த மாத்திரையைக் குறைத்து, பிறகு வாரத்துக்கு ஒரு நாள் போடுகிற மாத்திரைக்கு மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை போடுவேன், திங்கட்கிழமை வயிற்றைப் புரட்டும். வேலைக்குப் போகிற அலுப்பு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அந்த மாத்திரை சாப்பிடுகிற வரைக்கும் குழந்தை உண்டாகக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உண்டானால் குழந்தைக்கு ஆபத்து.

இதை ஆரம்பாக்கத்தில் இருக்கிற என் மாமியாரிடம் நாங்கள் சொல்லவில்லை. கண்ணுக்கு வைத்தியம் நடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கண்ணுக்குப் போடுகிற மாத்திரைக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டால் பதில் சொல்லி மாளாது. நியாயமான கேள்விதான். எனக்கே அது சரியாகப் புரிந்திருக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு பண்டிகைக்கும் போய் அவர் கேட்பதைக் கேட்டுவிட்டு வருவேன். "எதிர் ஊட்டுக்காரிக்கு ரெண்டாவது பொறந்துடுச்சு" என்பார், கீரையை ஆய்ந்துகொண்டே, கீரையைப் பார்த்தே. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கீரையைப் பிடுங்கி நானும் ஆய்வேன்.

ஒரு நாள் டாக்டரம்மா மெஷினில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கண்ணு ரொம்ப நாளா அமைதியா இருக்கு. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, நிறுத்திப் பார்க்கலாம்" என்றார். நிறுத்தினால் சிலருக்குத் திரும்பி வரும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் சொன்ன தேதிக்குத் தவறாமல் வர வேண்டும் என்றார். நடுவில் கண் சிவந்தால், வெளிச்சம் கூசினால், மங்கினால், தேதிக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே கிளம்பி வர வேண்டும். மாத்திரை உடம்பை விட்டுப் போகச் சில மாதங்கள் ஆகும், அதற்குப் பிறகு குழந்தைக்கு முயற்சி செய்யலாம். எல்லாவற்றையும் தமிழில், நிதானமாக, இரண்டு தரம் சொன்னார்.

நான் கேட்டது ஒன்றுதான். 'நிறுத்திப் பார்க்கலாம்' என்பதில் 'நிறுத்தி'யை எடுத்துக்கொண்டு, 'பார்க்கலாம்' என்பதை அவர் மேஜை மேலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்காரர் வெளியே உட்கார்ந்திருந்தார். "இன்னா சொன்னாங்க?" என்று எழுந்தார். "சரியாப் பூட்ச்சு" என்றேன். 'அமைதியாக இருக்கிறது' என்பதும் 'சரியாகிவிட்டது' என்பதும் ஒன்றில்லை. பச்சை டப்பா, சிவப்பு டப்பா வேலை பார்க்கிறவளுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா? தெரியும். ரயிலில் வரும்போது அவர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தானாகச் சிரித்துக்கொண்டே வந்தார். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அவர் ஒரு நாளும் குழந்தை வேண்டும் என்று என்னை நச்சரித்ததில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கினால் கீழே இறக்க மாட்டார். அது வீறிட்டு அழுதாலும், "அழுவல, பாடுது" என்பார். நச்சரித்திருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். சண்டையில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. கேட்காமல் இருக்கிற ஆளிடம் என்ன சண்டை போடுவது?

மாத்திரையை நிறுத்தி, காத்திருக்க வேண்டிய மாதங்களும் கழிந்து, மாசத்துக்கு மாசம் எதிர்பார்த்து ஏமாந்துகொண்டிருந்த சமயத்தில்தான் எங்கள் பக்கத்தில் மெட்ராஸ் ஐ பரவியது. மழை விட்டு வெயில் அடித்தால் வருகிற வழக்கமான கண்வலிதான், அந்த வருடம் கொஞ்சம் அதிகம். அவர் கம்பெனியில் ஒரு ஷிப்டில் பாதிப் பேர் சிவந்த கண்ணோடு நின்றார்கள். கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கண் கலங்கினால் கீழே நிற்கிறவன் தலைதான் போகும் என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழம்போல, இமையெல்லாம் பூளை ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, "இன்னா பேஜாரு இது, ஈரோ மாதிரி கீறேன், ஒரு பயலும் கிட்ட வர மாட்றான்" என்றார். தனித்துண்டு, தனித்தலையணை என்று பிரித்து வைத்தேன். அடிக்கடி கையைக் கழுவினேன்.

மூன்று நாலு நாள் போயிருக்கும். காலையில் நாஷ்டாவுக்கு இட்லித் தட்டை இறக்கும்போது சமையல்கட்டு ட்யூப்லைட் வலது கண்ணில் குத்தியது. கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். வெள்ளை விழி முழுக்கச் சிவக்காமல், கருவிழியைச் சுற்றி மட்டும் சிவப்பு வளையமாக இருந்தது. பூளை இல்லை. உறுத்தல் இல்லை. புருவத்துக்குப் பின்னால் அதே கட்டை விரல். இடது கண் வெள்ளை வெளேர் என்று இருந்தது.

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. எந்தச் சந்தேகமும் இல்லை. பூதக்கண்ணாடி கூட வேண்டியிருக்கவில்லை.

அவர் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார். "அய்யய்யோ, எங்கிட்டேர்ந்து உனக்கும் ஒட்டிக்கினுச்சா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த மாசம் நாள் தள்ளிப்போயிருந்தது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. முன்பு இரண்டு தரம் அவசரப்பட்டுச் சொல்லி, அவர் முகம் மலர்ந்து பிறகு வாடியதைப் பார்த்திருந்ததால், இந்தத் தடவை நிச்சயமான பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் மறுபடியும் மாத்திரை என்பார்கள். வயிற்றில் இருப்பதை என்ன செய்யச் சொல்வார்களோ என்று பயம். இன்னும் கொஞ்ச நாள், நிச்சயமாகத் தெரிகிற வரைக்கும் கண் பொறுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். கண்ணுக்கும் எனக்கும் ஏதோ பேச்சுவார்த்தை நடக்கிறதுபோல.

அவர் அன்று மத்தியானமே சந்தேகப்பட்டார். அதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவருக்குச் செய்த துரோகம் இரட்டிப்பாகும். "அந்தப் பழைய பிராப்ளமா இருக்கப் போவுது. எதுக்கும் மெட்ராஸ் போயி டாக்டரம்மாகிட்ட காட்டிக்கினு வந்துடலாமா?" என்றார். சட்டையைக் கூட மாட்டிக்கொண்டு நின்றார்.

நான் சிரித்தேன். "ஏய்யா, மெட்ராஸ் ஐக்கு எவனாவது மெட்ராஸ் போவானா?"

அவரும் சிரித்துவிட்டார். நன்றாகத்தான் இருந்தது அந்த ஜோக். கிரேன் டிரைவர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, "எங்க ஊட்ல இன்னா சொல்லுது தெரியுமா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சாயங்காலம் புதுவாயல் ஜங்ஷனுக்குப் போய் எனக்கும் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தார். அவருக்குக் கொடுத்த சொட்டு மருந்தையே எனக்கும் ஊற்றினார். "எம் மேல கோவமா? நாந்தானே தந்தேன்" என்று வேறு கேட்டார். நான் தலையை அவர் மடியில் வைத்து, கண்ணை அகல விரித்துக் காட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

அவர் கண் ஒரு வாரத்தில் தெளிந்தது. என் கண் தெளியவில்லை. நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல், லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். தினமும் அவர் வேலைக்குப் போன பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்ப்பேன். தேதி எண் முதலில் பனியில் தெரிவதுபோல் தெரிந்தது. அப்புறம் அதன் நடுப்பகுதி கரைந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். தினமும் வயிற்றைக் காரணம் காட்டி மறுநாளைக்குத் தள்ளிப்போட்டேன்.

பிறகு ஒரு காலையில் தூரமாகிவிட்டது. வழக்கத்தைவிடத் தாமதம், அவ்வளவுதான். குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். குழந்தைக்காக அழுதேனா கண்ணுக்காக அழுதேனா என்று பிரிக்கத் தெரியவில்லை. வெளியே வந்து, "கண்ணு சரியாத் தெரியலய்யா, வா போலாம்" என்றேன். அவர் பதறிப்போய் டிபன் டப்பாவை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

டாக்டரம்மா மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார். நான் தாடையை அதன் தாங்கியில் வைத்து, நெற்றியை ஒட்டி, அசையாமல் இருந்தேன். அவர் மூச்சு மாறியது எனக்குக் கேட்டது. "திரும்பி வந்திருக்கு. விழித்திரையில நீர் கோத்திருக்கு. பாப்பா ஒட்டிக்கிச்சு" என்றார். பாப்பா என்று அவர் சொன்னது கருவிழியின் நடுவில் இருக்கிற வட்டத்தை. அந்த நேரத்தில் அந்த வார்த்தை என்னை என்ன செய்தது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. "சிவந்து எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முன்னால் வந்துவிட்டார். "எனக்கு மெட்ராஸ் ஐ வந்துது மேடம். அதுதான் இவளுக்கும் ஒட்டிக்கினுச்சுனு நெனச்சுட்டோம். நான்தான் அப்படிச் சொன்னேன். எம் மேலதான் தப்பு."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். மெட்ராஸ் ஐ வேறு, இது வேறு, ஏற்கெனவே இந்த நோய் இருந்து மருந்தை நிறுத்தியிருக்கிற பெண்ணுக்குக் கண் சிவந்தால் வீட்டு வைத்தியமா பார்ப்பீர்கள், அன்றைக்கே வரச் சொன்னேனா இல்லையா என்று அவரைப் பிடித்துக்கொண்டார். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, லேட்டாக வந்து கம்பெனி கேட்டில் மாட்டிய தொழிலாளி மாதிரி நின்றார். மருந்தை நிறுத்தினதால் திரும்பி வந்தது யார் தப்பும் இல்லை, அது வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம், ஆனால் உடனே வந்திருந்தால் இவ்வளவு சேதம் ஆகவிட்டிருக்க மாட்டேன் என்றார். "குழந்தை இருந்தாகூட பயமில்லாம கொடுக்கக்கூடிய மருந்து இருக்கு. எதுவா இருந்தாலும் வந்திருந்தா வழி பார்த்திருப்போம்" என்று கடைசியில் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

இதை நான் யாரிடமும் கேட்டதே இல்லை. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

தாடை மெஷினில் இருந்ததால்தான் உண்மையைப் பேச முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாடையை எடுத்த பிறகும் நான் பேசவில்லை. வெளியே வந்து மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போதும், ரயிலிலும் பேசவில்லை. அவர் ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தார். வெளியில் பார்க்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். மாத்திரை திரும்ப வந்தது, உப்பின முகமும் திரும்ப வந்தது. ஆரம்பத்தில் மணிக்கு ஒரு தரம் சொட்டு விட வேண்டியிருந்தது. அவர் லீவு போட்டு உட்கார்ந்து, செல்போனில் அலாரம் வைத்து ஊற்றினார். கண் மறுபடி அமைதியானது. ஆனால் விழித்திரையின் நடுவில் விழுந்த தழும்பு போகாது என்றார்கள். கம்பெனியில் கண் டெஸ்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகு என்னைப் பழுதைப் பார்க்கிற மேஜையிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது நான் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறேன். என் மேஜையில் ஒரு புதுப்பெண் உட்கார்ந்து விரலில் வளையத்தைச் சுற்றுகிறாள். மெதுவாகப் பார்க்கிறாள். கோபம் வருகிறது. அவள் மேல் இல்லை.

வீட்டில் அவர் ஆள் மாறிப்போனார். ஜோக் அடிப்பதை விட்டார். பக்கத்து வீட்டுக் குழந்தை வாசலுக்கு வந்தால் உள்ளே போய்விடுவார். காய்கறி நறுக்கினார், தண்ணீர்க் குடம் தூக்கினார், நான் கேட்காததையெல்லாம் செய்தார். செய்யாதே என்று ஒரு நாள் கத்தினேன். "உடு, நான் செஞ்சாதான் எனக்கு சோறு இறங்குது" என்றார். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்ல வந்து, துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டேன். அவர் குற்றவாளியாக இருப்பது எனக்கு வசதியாக இருந்தது என்று எழுதக் கை கூசுகிறது. இருந்தது.

ஒரு வருடம் அப்படியே ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கம் போயிருந்தோம். அவர் மோட்டார் கோளாறு என்று கழனிப் பக்கம் போனார். மாமியார் குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். வழக்கமான கேள்விக்குத் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கேட்கவில்லை. திடீரென்று, மீன் செதில் ஒட்டிய கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கோச்சுக்காதம்மா. இத்தினி நாளு உன்ன குத்திக் குத்திப் பேசிக்கினு இருந்தேன். எம் மவன் எங்கிட்ட எல்லாத்தயும் சொல்ட்டான்."

"இன்னா சொன்னாரு அத்த?"

"கொற அவன்கிட்டதான் கீதாம். டாக்டரு டெஸ்டு எடுத்துப் பாத்து சொல்ட்டாராம். அழுதான்மா. எம் புள்ள அழுது நான் பாத்ததே இல்ல." அவர் குரல் இறங்கியது. "நீ சின்னப் பொண்ணு. அவன உட்டுட்டு பூடாத. உன் கால்ல வோணாலும் விழுறேன்."

எந்த டாக்டரும் அவருக்கு எந்த டெஸ்டும் எடுக்கவில்லை.

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. இனிமேல் இந்த அம்மா என்னைக் கேட்க மாட்டாள் என்கிற நிம்மதி. ஒரு நொடிதான், ஆனால் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. அடுத்த நொடி, மாமியார் எதிரே உட்கார்ந்திருக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு ஆம்பிளை தன் தாயிடம் போய் இதைச் சொல்வது சின்ன விஷயம் இல்லை. அது ஊருக்குப் பரவும், கழனியில் பேசுவார்கள், டீக்கடையில் பேசுவார்கள். தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். என் கண்ணைக் கெடுத்ததற்கு அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட தண்டனை அது. கெடுத்தது அவர் இல்லை. மீன் குழம்பு நன்றாக வாசனை வந்தது. எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

சாயங்காலம் பைக்கில் கிளம்பினோம். இன்றைக்குச் சொல்லவில்லை என்றால் இனி ஒருநாளும் சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது. வீடு வருகிற வரைக்கும் பொறுத்தால் மனசு மாறிவிடும். அதனால் நெடுஞ்சாலையில் ஏறியதுமே ஆரம்பித்தேன். முகத்தைப் பார்க்காமல் முதுகைப் பார்த்துச் சொல்வது சுலபம் என்றும் நினைத்திருப்பேன்.

"மெட்ராஸ் ஐ இல்லனு எனக்குத் தெரியும்" என்றேன், ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில்.

"இன்னா? யாருக்கு மெட்ராஸ் ஐ?" பக்கத்தில் ஒரு டிரெய்லர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"எனக்கு! எனக்கு வந்துது மெட்ராஸ் ஐ இல்லனு அன்னிக்கே தெரியும்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஷேர் ஆட்டோவில் போன பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கொஞ்ச தூரம் அப்படியே ஓட்டினார். கேட்கவில்லையோ என்று நினைத்தேன். பிறகு முறையாக இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, ஒரு பஞ்சர் கடையைத் தாண்டி நிறுத்தினார். ஸ்டாண்ட் போட்டு ஹெல்மெட்டைக் கழற்றி பைக் கண்ணாடி மேல் மாட்டினார்.

"அன்னிக்கேனா? மொத நாளேவா?"

"மொத நாளே. நீ வந்து பின்னாடி நின்னியே, அப்பவே."

"ஏன் சொல்லல?"

"நாள் தள்ளிப் போயிருந்துது. சொன்னா என்னை ஆஸ்பத்திரிக்கு இஸ்துக்கினு பூடுவ."

"இஸ்துக்கினுதான் போயிருப்பேன்."

"அதான்."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "டாக்டரம்மா என்ன அந்தக் கிழி கிழிச்சாங்களே. அப்போ?"

"அப்பவும் தெரியும்."

"அம்மாகிட்ட நான் சொன்னது?"

"இன்னிக்குத்தான் தெரியும். அத்தகிட்ட நானே போயி உண்மைய சொல்லிடறேன்யா. என்ன திட்டட்டும்."

நான் எதிர்பார்த்தது ஒரு அறை, அல்லது பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவது. இரண்டுக்கும் தயாராகத்தான் நின்றேன். அவர் மெதுவாகத்தான் பேசினார். "ஒரு வருசமா உம் மூஞ்சிய நான் நேரா பாக்கலமே. பாக்க முடியல. அது உனக்குத் தெரிஞ்சுதா?"

தெரிந்துதான் இருந்தது. பேசும்போது அவர் பார்வை என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ போய்விடும். அந்தக் கண்ணின் பாப்பா ஒட்டிக்கொண்டு கோணலாகிவிட்டதால், பார்க்கவே பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவருக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று எப்போதும் இடது பக்கம் காட்டியே உட்கார்ந்தேன். அதற்காக மனசுக்குள் அவரை வைதும் இருக்கிறேன். இதை எப்படி அவரிடம் சொல்வது?

இப்போது நேராகப் பார்த்தார். வெயிலுக்கு நான் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வலது கண்ணையே பார்த்தார். மேற்கு வெயிலில் அந்தக் கண்ணில் நீர் வழிந்தது.

"எவ்ளோ தெரியுது இதுல? எங்கிட்ட உண்மைய சொல்லு."

'கொஞ்சம் மங்கல்' என்றுதான் அதுவரைக்கும் அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கையெட்டும் தூரத்தில் நின்ற அவரைப் பார்த்தேன்.

"தலமுடி தெரியுது. ரெண்டு காதும் தெரியுது. சட்ட காலரு தெரியுது."

"மூஞ்சி?"

"மூஞ்சி இல்ல."

அவர் அழுகிறாரா, பல்லைக் கடிக்கிறாரா, என்னை மன்னித்துவிட்டாரா, இனி மன்னிக்கவே மாட்டாரா, அந்தக் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கையை எடுத்தால் தெரிந்துவிடும். நான் எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.